ஏழு டிகிரி தனுஷா

உள்ளறையிலிருந்து "ஐயய்யோ!" என்று ஓர் அலறல். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாயவன் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"இன்னாக்கா, பாம்பா?"

"பாம்பா இருந்தா அதுதான் பயந்து ஓடும். உம் மருமவ ரெண்டு நாளா கம்ப்யூட்டர மொறச்சிக்கினு கெடக்குறா" என்றாள் அவர் அக்கா மூக்காயி.

மூக்காயியின் மகள் தனுஷா, காலநிலை ஆராய்ச்சியில் முதலாண்டு. வெள்ளிமலை வீட்டில் சிக்னல் கிடைப்பது சாமை மூட்டை அடுக்கிய அறையில் மட்டும்தான் என்பதால், அவளுடைய உலக விஞ்ஞானமெல்லாம் மூட்டை மேல்தான். இப்போது ஹேக்கத்தான். நான்கு நாட்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழுவாகி, கணினி கணித்த வருங்கால வானிலை எண்களைக் குடைந்து, இரண்டே நாளில் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். தூங்காதவர்கள் எதைத்தான் கண்டுபிடிக்கமாட்டார்கள்?

இந்த நூற்றாண்டு முடிவதற்குள் வெள்ளிமலையில் ஏழு டிகிரி சூடு கூடும் என்று கண்டுபிடித்தார்கள். குழுவே கண் கலங்கியது. தனுஷா அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா தம்பியிடம் சொன்னாள். தம்பி முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடித்து, பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார். 'ஏழு டிகிரி கண்ட எங்கள் குலவிளக்கே!' படத்தில் குலவிளக்கைவிடத் தாய்மாமன் பெரிதாக இருந்தார்.

தனுஷா வெளியே வந்தாள். "மாமா, ஃப்ளெக்ஸ அவுத்துடுங்க. அந்த ஏழு டிகிரி நம்மளுது இல்ல."

"பின்ன யாருது?"

"பனிக்கரடிங்களுது."

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வடக்கே பதினொன்று, கிழக்கே எழுபத்தெட்டு என்று தட்ட வேண்டியதை மாற்றித் தட்டியிருந்தாள். வெள்ளிமலை போய் வடதுருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. சூடு எவ்வளவு கூடும் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் ஜனவரிக் குளிரைப் பார்த்தாள். மைனஸ் பதினைந்து. ஐந்து மணிக்கு எல்லாக் குழுக்களுக்கும் முன்னால் அவள்தான் பேச வேண்டும். உண்மையைச் சொன்னால் இனி எவன் அவளைக் குழுவில் சேர்ப்பான்?

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வாய மூடிக்கினு இரும்மா" என்று கெஞ்சினார் மாயவன். "சால்வ போட ஆளுங்க வராங்க. அப்பறமா கொறச்சிக்கலாம்."

"கொறைக்க இது இன்னா கத்திரிக்கா வெலையாடா?" என்றாள் மூக்காயி.

தனுஷா உள்ளே போய், தப்பு தன்னுடையது என்று குழுவிடம் சொன்னாள். குழுவிலிருந்த நார்வேக்காரன் வெடித்துச் சிரித்தான். "அந்த மைனஸ் பதினைந்தை நேற்றே பார்த்தேன். ஜனவரி என்றால் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்!" சிரித்தபடியே நால்வரும் கணக்கைத் திரும்ப ஓட்டினார்கள். ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது விடை வந்தது.

"மூணே கால்" என்றாள் தனுஷா.

"மூணா!" மாயவன் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். "நாலாவது ஆக்கக்கூடாதா? ஸ்டிக்கர் ஒட்டுனா மூணு அசிங்கமா இருக்கும்மா!"

மைக் திறந்திருந்தது. நால்வரில் மூவருக்குத் தமிழ் தெரியாததால் அறிவியல் தப்பித்தது.

"ஸ்டிக்கரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்புடா" என்று மூக்காயி தம்பியின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"தட்டுல சோறு அப்படியே கீதுக்கா..."

"எம் பொண்ணு பேசப்போறா."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.