ஸஹருக்கு எழுப்ப ஆளில்லை

ஜமாஅத்தார் எல்லோருக்கும் என் ஸலாம்.

போன வருஷம் என்னை ஸஹருக்கு எழுப்ப ஆளில்லை. என் கஷ்டம் அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குச் சின்னதாகத் தெரியும்.

முப்பத்தொரு வருஷம், விடியுமுன் நோன்புக்குச் சாப்பிட, என் வீட்டுக்காரி நூர்ஜஹான்தான் எழுப்பினாள். ஈரக்கையை என் பாதத்தில் வைப்பாள். "எந்திரிங்க, நேரமாச்சுங்க" என்பாள். எனக்குத் தூக்கம் கனம். அவள் கைக்கு மட்டும்தான் எழுவேன். அதற்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அவள் மௌத்தாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. சேந்தமங்கலத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கும் வேலை.

ரமலானுக்கு முந்தின மாதம், ஷஃபான், பிறந்தது. ரமலானுக்கு உடம்பைப் பழக்க, திங்களும் வியாழனும் நோன்பு வைக்க நினைத்தேன். போனில் அலாரம் வைத்தேன். தூக்கத்திலேயே அணைத்திருக்கிறேன். கண் விழித்தபோது பாங்கு முடிந்து, சாப்பிடும் நேரம் போயிருந்தது. ஒன்றும் சாப்பிடாமலே நோன்புக்கு நிய்யத் வைத்தேன். அடுத்த நோன்பும் அப்படியே. மூன்றாவது நோன்பில், மதியம், தீவன மூட்டையோடு கீழே விழுந்தேன்.

முட்டை பொறுக்கும் பழனியம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தாள். மேனேஜர் வந்து பார்த்தார். "பாய், ரமலான்லயும் இப்படி உழுந்தீங்கன்னா என்னால வேலைக்கு வெச்சுக்க முடியாதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று அறைக்குப் போய், நெற்றி தரையில் பட, ஸஜ்தாவில் கிடந்தேன். பெரிய துஆ ஒன்றும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், எழுப்ப ஆளில்லை. நீயே எழுப்பு." அதையே சொன்னேன்.

ரமலானுக்கு நாலு நாள் இருக்கையில், பண்ணையில் தங்கிக் காவல் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ரமலான் முதல் இரவிலிருந்து அந்த ரூமில் என்னைத் தங்கச் சொன்னார் மேனேஜர். மனசு விட்டுப்போயிற்று. சுற்றிலும் சோளக்காடு. பாங்குச் சத்தம் எட்டாது. இரவுத் தொழுகை தராவீஹும் தனியாகத்தான். நான் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

முட்டைக்கோழிக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே கொட்டகை விளக்கெல்லாம் தானாக எரியும். எனக்கு அது தெரியும். ஆனால் யோசித்ததே இல்லை. முதல் நோன்பன்று விளக்கு எரிந்ததும் அத்தனை கோழியும் ஒன்றாகக் கத்தின. அடித்துப்பிடித்து எழுந்தேன். ஸஹர் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தயிர் ஊற்றிச் சோறு சாப்பிட்டேன்.

"கோழியோட எந்திரிக்கறீங்க பாய், பாத்துங்க, முட்டை கிட்டை வெச்சறப் போறீங்க" என்றாள் பழனியம்மா. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

நோன்பு ஒன்றுகூட விடவில்லை. ஒரு நாளும் விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ். தனிமை போகவில்லை. பாதத்தில் அந்த ஈரக்கை இல்லை. ஆனால் நான் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது. அது போதும்.

நடு நோன்பில்தான் தோன்றியது. என்னைப்போல் தனியாக இருக்கும் இரண்டு பேர் நம் மஹல்லாவில் உண்டு. அவர்களுக்குப் போன் போட்டேன். "எந்திரிங்க, நேரமாச்சுங்க" என்றேன். பெருநாள் வரை தினமும் போட்டேன்.

இப்போது மறுபடி ஷஃபான். எழுப்ப ஆளில்லாதவர்கள் வெட்கப்படாமல் அவனிடம் கேளுங்கள். பள்ளிவாசலில் உங்கள் நம்பரை எழுதி வையுங்கள். நாலு மணிக்குக் கோழிகள் என்னை எழுப்பும். நான் உங்களை எழுப்புகிறேன்.