சிம்பல் லோட் ஆகும் நேரம்

என் மகள் எங்கள் வீட்டிலிருந்தே சிங்கப்பூர் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறாள். அடுத்த மாதம் அங்கேயே குடிபோகிறாள்.

தப்பு தேட டிபக்கரைத் திறந்தால், சிம்பல் என்று எதையோ மலைபோல் லோட் செய்யும். அது முடியும்வரை அவள் சும்மா இருப்பாள். நான் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயோடு போய் உட்காருவேன். எங்கள் பேச்செல்லாம் அப்போதுதான்.

இன்று காலை பெரிய அக்கறைக்காரன் மாதிரி, "ஏன்மா இவ்வளவு ஸ்லோ? சரி பண்ண முடியாதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"முடியும்பா. தேவையான சிம்பலை மட்டும் லோட் பண்ணச் சொன்னா போதும். எனக்குத்தான் சோம்பேறித்தனம்" என்றவள், உடனே மாற்றிவிட்டாள்.

மதியம் இரண்டு கிளாஸோடு போனேன். உட்காருவதற்குள் எல்லாம் லோட் ஆகிவிட்டது.

"அலமாக், என்னா ஸ்பீட்! தேங்க்ஸ்பா" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இரண்டையும் நானே குடித்தேன்.

டிபக்கரைப் பழையபடி மெதுவாக்கத் தெரிந்தவர்கள் எங்கள் கூலாய் ஊர்ப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.