டயகமவில் தோண்டிய நான்கு குழிகள்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை. கண்டியிலிருந்து ஹட்டன் பஸ் புறப்பட்டபோது மழை இல்லை. நாவலப்பிட்டி தாண்டியதும் பிடித்துக்கொண்டது. கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போது யன்னல் கண்ணாடிகளை எல்லோரும் அடைத்துவிட்டார்கள். எழுபது கிலோமீற்றர் சொச்சம் பயணத்தில் பாதி, ஆவி படிந்த கண்ணாடியைப் பார்த்தபடியே கழிந்தது. என் காலடியில் சாக்குத்துணியில் சுற்றிய மூன்று இரும்புத் துண்டுகள் இருந்தன. பொருத்தினால் மண்ணைத் துளைக்கும் ஓகர். மற்றப் பையில் மண் மாதிரி எடுக்கும் உறைகள், மண்ணின் நிறம் ஒப்பிடும் அட்டை, ஒரு சோடி உடுப்பு.

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். கண்டியில் ஒரு அலுவலகத்தில் மண் பரிசோதனை செய்வது என் வேலை. ஒரு காணியில் வீடு கட்டலாமா, கட்டினால் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மலையில் பதினோரு வருடமாக அதைச் செய்கிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஹட்டனில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு டயகம பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகப் போகிற பாதை. கொண்டக்டர் என் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“என்னங்க மிஸ் இது, பைப் வேலைக்கா?”

“இல்லை, மண் பாக்கப் போறன்.”

“மண்ணா?” அவர் சிரித்தார். “அது ஏன் தோட்டத்துக்குப் போய் பாக்கணும்? ரோட்டுலயே கெடக்கு, பாருங்க.”

சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை, பஸ் ஒரு வளைவில் நின்றது. மேட்டுப் பக்கத்திலிருந்து சரிந்த மண் பாதையின் பாதியை மூடிக் கிடந்தது. சிவப்பும் மஞ்சளுமான குழம்பு. அதன் நடுவே ஒரு தேயிலைச் செடி, நட்டது போல நிமிர்ந்தே நின்றது. டிரைவர் ஒரு சில்லை அந்தக் குழம்பின் மேல் ஏற்றி, மெல்ல மெல்லக் கடந்தார். கடந்த பிறகுதான் முன் சீட்டில் இருந்த பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பகல் ஒரு மணிக்கு டயகம. தலையிலிருந்து முழங்கால் வரை பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு அந்தோணி காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, பாதை திருத்துவது போன்ற வேலைகள் செய்கிறவர். எனக்குக் குழி தோண்ட அவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“நடக்கணுங்க மிஸ். மூணு கிலோமீட்டர் இருக்கும். அட்டை கடிக்கும், சப்பாத்துக்குள்ள கொஞ்சம் உப்பு போட்டுக்கங்க.” உப்பைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் வந்த காரியம் இதுதான். அந்தத் தோட்டத்தின் மேல் பிரிவில் ஒரு பழைய லயம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், இருபத்திரண்டு குடும்பங்கள். பின்சுவர் வெடித்துவிட்டது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச், கிட்டத்தட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி வீதம் காணி கொடுத்துத் தனி வீடு கட்டுவதாகப் பேச்சு முடிந்து, அதற்கு ஒரு இடமும் காட்டப்பட்டிருந்தது. லயத்துக்கு நேர் மேலே, மலைச்சரிவில், காட்டு விளிம்பு. அந்த இடத்தின் மண் சரிதானா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பல வருடங்களாக அவர்கள் காத்திருந்த காரியத்துக்கு என் கடதாசி ஒன்றுதான் குறை.

மூன்று மணிக்கு லயத்தை அடைந்தோம். அந்தோணியின் மனைவி தெரசா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து அன்று நேரத்தோடு வந்திருந்தார். நான் தங்குவதற்கென்று முன் அறையைக் கழுவி மெழுகி, மாதா படத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டிருந்தார். ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மிஸ், மண்ணு பாக்குறவங்களுக்குத் தெரியும்ல, குசினிய எந்தப் பக்கம் வச்சா ஈரம் ஏறாது?”

அவர் தன் ஏழு பேர்ச்சை மனத்தால் கட்டி முடித்திருந்தார். மேலே காட்டு விளிம்பில் குச்சி நட்டு, சேலைக் கிழிசல் கட்டி, இது நம்ம இடம் என்று அடையாளமும் வைத்திருப்பதாகச் சொன்னார். “ஒண்ணாவது பேரு நாங்கதான். லிஸ்ட்டு எழுதுனதே நான்தானே.”

“நாளைக்குப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன்.

புதன்கிழமை, காலை ஏழு மணி. பெரட்டுக்கு ஆட்கள் கூடி, வேலை பிரித்துக்கொண்டு மலைக்குப் போன பிறகு, நானும் அந்தோணியும் மேலே ஏறினோம். மழை தூறலாகக் குறைந்திருந்தது. மூடுபனி மரங்களின் நடுப்பகுதியை அழித்துவிட்டு, அடியையும் நுனியையும் மட்டும் விட்டிருந்தது.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கால் வைத்தால் தரையே மாறிவிடுகிறது. உக்கிய இலை மெத்தென்று அமிழும். அதன் கீழே ஒரு சாண் கறுப்பு மண், பொலபொலவென்று உதிரும். காட்டின் சாப்பாடு முழுவதும் அந்த ஒரு சாணுக்குள்தான். அதற்குக் கீழே உள்ள மண்ணில் மரத்துக்குப் பெரிய சத்து ஒன்றும் இல்லை. மழை எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுபோய்விட்டது. தன் இலையைத் தானே உதிர்த்து, தானே தின்று நிற்கிற காடு.

முதல் குழிக்கு இடம் காட்டியவர் அந்தோணி. “இங்கிட்டு வெட்டலாங்க, சமமா இருக்கு.” கறுப்பு மண், பிறகு மஞ்சள் மண், நான்கடியில் மண்வெட்டி கல்லில் தட்டியது. நல்ல கல். இரண்டாவது இடமும் அவர் காட்டியதுதான். அங்கேயும் நான்கடியில் கல். என் குறிப்புப் புத்தகத்தில் இரண்டுக்கும் நல்லதாகவே எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், இரண்டு குழிக்கும் பக்கத்தில் பாசி பிடித்த பாறை முதுகுகள் தரைக்கு மேலே தெரிந்தன. கல் தட்டும் என்று தெரிந்தேதான் அவர் இடம் காட்டியிருக்கிறார்.

நான் தள்ளி நடந்தேன். சரிவின் நடுவில் ஒரு பள்ளம் இறங்கியது. அங்கே நின்ற மரங்கள் எல்லாம் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்திருந்தன. மரம் அப்படி வளர ஆசைப்படுவதில்லை. கீழே மண் மெதுவாக நகர, மரம் ஒவ்வொரு வருடமும் தன்னை நிமிர்த்திக்கொண்டிருக்கிறது.

“இங்க ஒண்டு தோண்டுவம்” என்றேன்.

“அங்கிட்டு வேணாங்க மிஸ், அட்டை ஜாஸ்தி.”

“பரவாயில்லை.”

அவர் மறுபேச்சில்லாமல் வெட்டத் தொடங்கினார். இரண்டடிக்குக் கீழே மண் சிவந்தது. ஒரு பிடி எடுத்து, பெருவிரலால் சுட்டுவிரல் மேல் தள்ளினேன். நாடாபோல நீண்டது, அறவில்லை. அவ்வளவு களி. கட்டியை உடைத்தால் உடைந்த முகங்கள் மெழுகு பூசியது போல மினுங்கின. மேல் மண்ணிலிருந்த களியை மழை வருடக்கணக்காகக் கரைத்து, கீழே கொண்டுவந்து பூசிய பூச்சு அது. நான்கடியில் சிவப்புக்குள் சாம்பல் நிறப் புள்ளிகள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றால்தான் மண் அப்படி வெளிறும்.

ஐந்தடியில் குழியின் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்தது. அந்தோணி மண்வெட்டியை நட்டு அதன்மேல் கையை வைத்தார்.

“இதோட நிறுத்திக்கலாமா மிஸ்?”

“இன்னும் ரெண்டடி போகவேணும் அந்தோணி.”

அவர் மேலே ஏறி, ஈர வேர் ஒன்றில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கீழ என்னா இருக்குன்னு எனக்குத் தெரியுங்க. இந்தத் தோட்டத்துல யாரு செத்தாலும் குழி வெட்டுறவன் நான்தான். அந்தப் பக்கத்து மயானமும் இதே மண்ணுதான். மேல பாத்தா நல்லா இருக்கும். அடியில பசமண்ணு, களி. அதுல தண்ணி நிக்கும். மழக்காலத்துல பெட்டிய எறக்குனா மெதக்கும், நாங்க கல்லு வச்சு அமுக்குவோம். எங்க அம்மாவயும் அப்புடித்தான் அமுக்குனேன்.”

“பிறகேன் அந்த ரெண்டு இடத்தையும் காட்டினீங்கள்?”

“தெரசா ஆறு மாசமா தூங்கல மிஸ். பின்சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா. குச்சி நட்டதுக்கப்புறம்தான் கொஞ்சம் சிரிக்கிறா. நீங்க எழுதிட்டுப் போயிட்டா வீடு வந்துரும்னு நெனச்சேன். வந்ததுக்கப்புறம் என்னா ஆகுமோ ஆகட்டும்னு இருந்துட்டேன்.”

நான் அவரைத் திட்டவில்லை. அந்தச் சுவர் இருக்கிற வீட்டில் நானும் ஒரு இரவு படுத்திருந்தேன். அவர் எழுந்து, நான் மீண்டும் கேட்காமலேயே குழிக்குள் இறங்கினார்.

ஆறரை அடியில் களி முடிந்து கல் வந்தது. பார்வைக்குத்தான் கல். வரிவரியாக, அடுக்கடுக்காக, பாறையின் உருவம் அப்படியே இருந்தது. கையில் எடுத்து நசுக்கினால் வெள்ளை மணலாக உதிர்ந்தது. கணக்கில் அடங்காத காலத்துக்கு முன் ஏதோ ஒரு கரையில் கிடந்த மணல் அது. மணற்கல்லாகி, பூமிக்குள் வெந்து இறுகி, மேலே வந்து, இந்த மழையில் மீண்டும் உக்கிக்கொண்டிருக்கிறது. கல்லில் மணலோடு கலந்திருந்த வேறு கனிமங்கள்தான் உக்கிக் களியாகின்றன. அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தேன். மலை சரிகிற பக்கமே அவையும் சாய்ந்திருந்தன, லயத்தை நோக்கி.

இந்த மண் கெட்ட மண் அல்ல. காடு மேலே நிற்கும்வரை இந்தக் களிதான் மழையைப் பிடித்துவைத்து, வெயில் மாதங்களில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மரத்தை வெட்டி, வேர் உக்கி, சரிவில் வீட்டுக்குத் தளம் வெட்டினால், தண்ணீர் மேல் மண்ணில் சட்டென்று இறங்கிக் களியில் வந்து நிற்கும். களியின் மேல் முகம் வழுக்கும். பிறகு ஒரு நல்ல மழை போதும்.

மாலை ஐந்து மணி. தெரசா கொழுந்துக் கூடையைக் கூட இறக்கவில்லை, வாசலிலேயே நின்று கேட்டார்.

“என்னாங்க மிஸ், சரியா?”

“சரியில்லை தெரசா. அங்க வீடு கட்டக்கூடாது.”

அந்தோணி கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். தெரசா கூடையை மெதுவாக இறக்கி வைத்தார். அழவில்லை. திரும்பி லயத்தைப் பார்த்தார், அதன் பின்னால் எழுந்து நின்ற மலையைப் பார்த்தார்.

“அப்போ நாங்க இப்ப இருக்கிற எடம் நல்ல மண்ணா மிஸ்?”

என்னிடம் தந்த கடிதத்தில் மேலே உள்ள காணி மட்டும்தான் இருந்தது. லயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினோரு வருடத்தில், கடிதத்தில் இல்லாத இடத்தில் நான் மண்வெட்டி வைத்ததில்லை.

வியாழக்கிழமை, காலை. லயத்தின் பின்சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி நாலாவது குழியைத் தோண்டினோம். தோண்டுவதற்கு முன்பே தரையில் நீளமாக ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. யாரோ களிமண்ணைக் குழைத்து, சுவர் பூசுவது போல அழகாக அடைத்திருந்தார்கள். “தெரசாதான்” என்றார் அந்தோணி. “மழ விட்டா வந்து பூசுவா.” வேலைக்குப் போகாத பெண்கள் நாலைந்து பேர் வாசல்களில் நின்று பார்த்தார்கள். மூன்றடியில் களி. நாலடியில் தண்ணீர்.

கண்டியில் என் மேலதிகாரியை அழைக்க, என் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேடு வரை ஏறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “லயம் நம்முடைய கோப்பில் இல்லையே” என்றார் சிங்களத்தில். “தெரியும் சேர், ஆனால் தோண்டிவிட்டேன்” என்றேன். அவர் கோப்பைப் புரட்டுவது கேட்டது. “சரி, எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.”

கடைசிப் பக்கத்தில் எழுதவில்லை. அந்த மேட்டிலேயே குடைக்குள் உட்கார்ந்து, முதல் பக்கத்தில், முதல் பந்தியில் எழுதினேன்: மேலே கட்டக்கூடாது, கீழே இருக்கவும் கூடாது, இருபத்திரண்டு குடும்பங்களையும் இந்தச் சரிவை விட்டு உடனே எடுக்க வேண்டும்.

பகல் இரண்டு மணி பஸ்ஸுக்கு அந்தோணி என்னோடு இறங்கி வந்தார். தெரசா காலையிலேயே மலைக்குப் போய்விட்டார், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மண் உறைகள் நிரம்பிய பையை அந்தோணி தோளில் போட்டிருந்தார். பஸ் வந்து நின்ற பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மிஸ், ஒண்ணு சொல்லணும். அந்தப் பள்ளத்துல வெட்டுனத வீட்டுல நான் இன்னும் பேசல. தெரசா கேட்டா, மிஸ்தான் வம்படியா வெட்டச் சொன்னாங்கன்னு சொல்லிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க போயிருவீங்க. நான் அவளோட இருக்கணும்.”

“சொல்லுங்கோ” என்றேன். “அது உண்மைதானே.”

என் அறிக்கை போன பின் மேல் காணி கைவிடப்பட்டது. அது உடனே நடந்தது. லயத்துக்கு ஒரு கடிதம் வந்ததாம்: பலத்த மழை பெய்தால் எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போய் இருக்கவும் என்று. வேறு காணி தேடுகிறார்கள் என்கிறார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

கண்டியில் மழை கனத்தால் நான் அந்தோணியின் போனுக்கு அழைக்கிறேன். சில நேரம் தெரசா எடுப்பார். என் குரலைக் கேட்டதும் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் வைத்துவிடவும் மாட்டார். போனைக் கையில் பிடித்தபடி வெளியே போவது கேட்கும். தகரக் கூரையில் விழுகிற மழையை எனக்குக் கேட்கவிட்டு, அவர் அப்படியே நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து அந்தோணி வாங்கி, “இன்னும் ஸ்கூலுக்குப் போகலங்க மிஸ், பாத்துக்கிட்டு இருக்கோம்” என்பார்.