அம்மாவுக்கு விழுந்த அழுமுகங்கள்

வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற எனக்கு, என் அம்மா ஒரு பரீட்சையில் கோட்டைவிடுவதைக் கண்ணெதிரே பார்க்கும் தலையெழுத்து நான்காம் வகுப்பிலேயே வாய்த்தது.

ஆனேக்கல்லைத் தாண்டிக் காட்டோரம் இருந்தது எங்கள் இருளர் தெரு. பட்டணத்துத் தொம்மலூரிலிருந்து ஒரு அக்கா டேப்லெட்டோடு வந்தார். கஷ்டம் வந்தால் தங்களுக்குக் கைகொடுக்க ஆள் இருப்பதாகப் பழங்குடி மக்கள் நினைக்கிறார்களா என்று அளக்க வந்தாராம். திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், ஐந்தாவது சிரிக்கும். சிரித்தால் ஐந்து மார்க் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

"உடம்பு சரியில்லன்னா ஒத்தாசைக்கு யாரைக் கேப்பீங்கம்மா?"

"யாரையும் கேக்க மாட்டேன்" என்றாள் அம்மா. அதில் ஒரு கெத்து வேறு.

அக்கா அழுமுகத்தைத் தொட்டார். வீட்டில் அரிசி இல்லையென்றால்? அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அதையெல்லாம் வாயைத் திறந்து கேட்பார்களா என்றாள். இன்னொரு அழுமுகம். எனக்கு மானம் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள். அடுப்பில் கொதித்த களியைக் கிளறி இறக்கினாள், சிணுங்கிய தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாள், ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். பக்கத்து வீட்டு மாமா எங்கள் கூரையில் ஏறி, காற்றில் தூக்கிய தகரத்துக்கு ஆணி அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் அக்கா கடைசிக் கேள்வியைக் கத்திக் கேட்க வேண்டியதாயிற்று.

"கூப்பிட்டா வர ஆள் இருக்காங்களாம்மா?"

"நாங்க யாரையும் கூப்பிடறதில்லம்மா."

மூன்றாவது அழுமுகம்.

அக்கா கிளம்பியதும், பஸ் ஏற்றிவிட்டு வா என்று அம்மா என்னை விரட்டினாள். அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் வேறு. வழியெல்லாம் கெஞ்சினேன். எங்கள் அம்மா நல்லவள், கொஞ்சம் மார்க் கூட்டிப் போடுங்கள் என்றேன்.

"அம்மா சொன்னதைத்தான் போடணும் பாப்பா, மாத்தக் கூடாது" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "போன மாசம் எனக்குக் காய்ச்சல். ரூம்ல தனியா கெடந்தேன். மூணாம் நாள் ஃபோன் பண்ணிக் கேட்டேன். ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவமாகப் போய்விட்டது எனக்கு. அம்மாவின் மேல் இருந்த வருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரைத் தேற்றினேன்.

"கேட்டீங்க, வந்தாங்கல்ல? அப்ப உங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, அக்கா."

அக்கா என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறினார். முழு மார்க் வாங்கியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூரத்தில் மாமா இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருந்த எங்கள் கூரையையே ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு போனார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.