மீன் வேனில் ரத்தம் கேட்டுப் போனோம்

வீடு வீடாக ஏறி இறங்கி உதவி கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் தெரிந்திருக்கும்: கதவைத் திறப்பதற்கு முன்னால் நாயைத்தான் அவிழ்த்துவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழக விடுமுறையில், நானும் நண்பன் அந்தோணியும் அந்த வேலையில் இறங்கினோம். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ராணி என்ற சிறுமிக்கு இருதயத்தில் ஓட்டை. ரத்தம் கொடுக்க ஆள் சேர்ந்தால்தான் அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும். அவள் தோட்டத்தில் கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் கொடுத்தாகிவிட்டது. மீதி ஆளை நாங்கள் கொண்டுவருகிறோம் என்று அவள் அம்மா செல்லம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆள் கிடைக்காமல் போனால் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லாவுக்கு முன்னால்

முதலில் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி ராவுத்தர் எங்கள் கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையைப் பார்த்ததுமே, வாயைத் திறக்க விடாமல் கையை உயர்த்திவிட்டார். பணம் வேண்டாம் பாய், ரத்தம்தான் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். மனிதர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"போன வாரம் கோயிலுக்கு, முந்தாநாளு பள்ளிவாசலுக்கு, நேத்து ஸ்கூல் மண்டபத்துக்கு. கல்லா காலியாயிருச்சுன்னு தெரிஞ்சு இப்ப ரத்தத்துக்கே வந்துட்டீங்களா தம்பி?"

தூணுக்குத் தலை

டவுன் கைவிட்டதும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். அந்தோணியின் சித்தப்பாவுக்குக் கடலோர ஜெராமில் மீன் வியாபாரம். ஜன்னலே இல்லாத அவருடைய வேன்தான் எங்களுக்கு வாகனம். ஐஸ் உருகி, பின்கதவு இடுக்கிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தோணி மிட்டாய் கொடுத்தான்.

ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள், தூண் நிற்க மனிதத் தலை பலி வேண்டுமாம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வேனில் வருகிறார்களாம் என்று அந்த மாதம் முழுக்கத் தோட்டங்களில் பேச்சு. அது எங்களுக்குத் தெரியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டார்கள், கதவுகள் அடைபட்டன. ஆண்கள் வேனைச் சுற்றி நின்றார்கள். சிலர் கையில் பால்வெட்டுக் கத்தி. ரத்தம் கொடுக்க நல்ல ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று குழறிவிட்டேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பெருமாள் வேனுக்கடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தலையக் கேட்டா குடுக்க மாட்டோம்னு, மொதல்ல ரத்தத்துலேர்ந்து ஆரம்பிக்கிறீங்களா?"

ராணி இறங்கினாள்

எப்படித் தப்பி வந்தோம் என்று கேட்காதீர்கள். மறுநாள் செல்லம்மா, தானும் ராணியும் கூட வருவதாகச் சொன்னாள். எனக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் துணிவில்லை. ஆனாலும் போனோம். வேனிலிருந்து ராணி இறங்கி நடந்தாள். லயத்தை எட்டுவதற்குள் உதடு நீலம் பாரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடைத்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆண்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்த மண்டோர், வேனில் போக ஆள் தயார், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"வேனு திரும்பற வரைக்கும் உங்கள்ல ஒருத்தர் இங்க இருக்கணும் லா."

அடமானம்

வேன் ஓட்டத் தெரிந்தவன் அந்தோணி. ஆகவே மறுநாள் காலை நான்தான் அடமானம். வேனின் பின்கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து ஆண்கள் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னை மண்டோர் வீட்டு வாசலில் உட்காரவைத்து, கோழிக்கறியும் சோறுமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முனியாண்டி கோயில் கிடாயை நினைத்துக்கொண்டே தின்றேன்.

மதியத்துக்குள் திரும்ப வேண்டிய வேன் வரவில்லை. பொழுது சாய்ந்தது. அதுவரை ஊர்க்கதை பேசிய பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மண்டோர் கத்தியைக் கல்லில் தீட்டத் தொடங்கினார். நாளைக்குப் பால்வெட்டத்தான் என்று புத்தி சொன்னது, உடம்பு கேட்கவில்லை. அவர்களும் என்னைப்போலவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது, ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எம் புருசன் வந்துருவாரா?" என்று அழுதபோதுதான் புரிந்தது.

கடைசியில் வேன் வந்தது. வழியில் டயர் வெடித்துவிட்டதாம். கையில் பஞ்சு ஒட்டியபடி இறங்கிய ஆண்களின் கழுத்தைப் பெண்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள். மண்டோர் கத்தியை உள்ளே வைத்துவிட்டு வந்து என் தோளைத் தட்டினார்.

"நீங்க போலாம் தம்பி. அடுத்த தடவை டுயிட்டே கேட்டு வாங்க, காசுன்னா இவ்வளவு பயமில்ல."

அறுவை சிகிச்சை நடந்து ராணி பிழைத்துக்கொண்டாள். தொண்டு செய்ய வருகிறவர்களைச் சனங்கள் ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால், ஒரு பகல் அடமானமாக உட்கார்ந்துவிட்டு வந்து பேசு என்பதுதான் என் பதில்.