விட்டமின் என்று நான் சொன்ன காப்சூல்

எனக்கு ஆஸ்துமா இருப்பது பதுளையில் எல்லோருக்கும் தெரியும். பாடசாலை மேட்டில் ஏறினால், நான் போய்ச் சேருவதற்கு முன்பே என் மூச்சுச் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மட்டும் அது யாருக்கும் தெரியக் கூடாது என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். மகளுக்கு அங்கே ஒரு வரன். மாப்பிள்ளைப் பையனுக்குக் கொழும்பில் வேலை. பிள்ளைகள் இருவரும் போனிலேயே பேசிப் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் நாங்கள் போய்க் காரியத்தைக் கெடுக்காமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

“பரம்பர நோயான்னு கேப்பாங்க. நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வரும்பாங்க. அங்க போயி பம்ப வெளிய எடுத்தீங்கன்னா தெரியும்” என்றாள்.

பம்ப் என்பது இழுப்பு வந்தால் அடித்துக்கொள்கிற நீலக் குழாய். அதன் தேவையைக் குறைக்கத்தான் ஒன்றரை மாதத்துக்கு முன் கிளினிக்கில் டொக்டர் புதிய மருந்து எழுதினார். ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் வேறு ஏதோ வியாதிக்கு ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் பூசணிக்காயாகி, “என்ன, வசதி வந்திருச்சு போல” என்று ஊரார் விசாரிக்கும்படி ஆனவர். இரண்டு நாள் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இது நேரே நுரையீரலுக்குப் போகிற மருந்து, அளவு மிகச் சிறியது என்று தெளிந்தேன். ஆசிரியர் அறையில் இதுபற்றி ஒரு விரிவுரையும் ஆற்றினேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

கிளினிக்கில் மருந்து தருகிற தாதி மிஸ்ஸி காப்சூல்களோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியையும் தந்து, விளக்க ஆரம்பித்தார். “தெரியும் மிஸ்ஸி” என்றேன். காப்சூல் முழுங்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது என்று எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டு, காலையும் மாலையும் தேநீரோடு ஒவ்வொன்றாக விழுங்கிவந்தேன். இழுப்பு குறையவே இல்லை. மருந்தில் ஒன்றுமில்லை என்று இரண்டாவது விரிவுரையை ஆற்றினேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று வேன் கீழேயே நின்றுவிட்டது. வீட்டுக்குப் படியேற வேண்டும். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று இயற்கையை ரசித்தேன். தேயிலையை அவ்வளவு ரசித்த மனிதனை அந்தத் தோட்டம் பார்த்திருக்காது.

வீட்டில் பையனின் அம்மா மட்டும்தான். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். பிளேன்டீ தந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் இருமி, இரண்டு தரமும் குசினிக்குள் போய் வந்தார். எனக்கோ நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிட்டது. பம்புக்குத் தடை. சாயங்கால காப்சூலையாவது போடுவோம் என்று எடுத்தேன்.

“என்னங்க சேர் அது?”

“விட்டமின்.”

அந்தம்மா கையை நீட்டி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை மாவு தெரிந்தது.

“ஐயையோ அண்ணே! இத முழுங்கப்படாது!”

சேர் என்பது அந்த நிமிடமே அண்ணே ஆகிவிட்டது. எழுந்து போனவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே அதே காப்சூல். தேய்ந்து மங்கிய அதே கருவி.

“எம் மகன்தான் ஒளிச்சு வையிம்மான்னான். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க, இழுப்புக்காரின்னு தெரியக் கூடாதாம்.”

என் மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள்ளிருந்து கிளினிக்கில் தந்த கருவியை உறை பிரிக்காமல் எடுத்து மேசைமேல் வைத்தாள். “ஒன்றர மாசமா முழுங்கிக்கிட்டு இருக்காருங்க.”

“வாத்தியாருன்னு சொன்னாங்களே?” என்றார் அந்தம்மா.

உறையைப் பிரித்தோம். கருவியில் காப்சூலைக் குத்தி நிறுத்தி, ஒரு திருகு திருகினால் அது உடைந்து மாவு விழுகிறது. “மூச்ச வெளிய விடுங்க. இப்ப வாயில வச்சு நல்லா இழுங்க. விட்றாதீங்க, புடிங்க!” நான் பிடித்தேன். அவரும் தன் கருவியில் இழுத்துப் பிடித்தார். கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாயக் கொப்பளிங்க, இல்லாட்டி புண்ணு வந்துரும். இன்னிக்கே சொகமாகாது அண்ணே, தெனம் இழுக்கணும். நல்லாருக்குன்னு விட்டுறப்படாது. மூச்சு முட்டுனா அந்த நீலப் பம்பு இருக்கில்ல, அத அடிங்க. எதுக்கு வெக்கம்?”

அடித்தேன். பூனைக்குட்டி அடங்கியது. வாசல் வடிகானில் கொப்பளித்துவிட்டு வந்தபோது பெண்கள் இருவரும் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்மந்தி அம்மா ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்: ஐயரிடம் சொல்லி ஓமப் புகையைக் குறைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அம்மா ஒருவர், பெண்ணுக்கு அப்பா ஒருவர், தாலி கட்டும்போது இருவரும் வெளியே நின்று இருமிக்கொண்டிருக்க முடியாது.

நான் உடனே சம்மதித்தேன்.