இருளாயி வீட்டுத் தகரம்

பூம்பாறையில் இருளாயியும் அவள் தம்பி சண்முகராஜும் நல்லபடியாகப் பேசி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக்காரன் நான். வேண்டாமென்றாலும் எல்லாம் காதில் விழும். இருளாயி வாய் லேசுப்பட்டதல்ல. என் கோழி அவள் பாத்திக்குள் போனால் செத்துப்போன என் அப்பன் வரைக்கும் இழுப்பாள். ஆனாலும் இந்த விவகாரத்தில் நான் அவள் பக்கம்தான்.

சுவர் அவளும் புருஷன் மணியனும் எழுப்பியது. பூண்டு விற்ற காசும் அவள் காதுத் தோடும் அதற்குள் போயின. மேலே மரச்சட்டம் ஏற்றிய கையோடு மணியன் செத்துப்போனான். கருமாதியன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சண்முகராஜ் எழுந்து நின்றான்.

"எங்கக்கா நனையக் கூடாது. கூரை என் செலவு."

கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். சொன்னபடியே தகரம் வந்து இறங்கியது. இருளாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தான். மழை வலுத்தால் போதும், போன் பண்ணுவான். "என்னக்கா, நம்ம தகரத்துல சத்தம் கேக்குதா?" விசேஷ வீட்டில் யாராவது அவள் வீட்டைப் பற்றிப் பேசினால், "கூரை நம்மளதுல்ல" என்று பல்லைக் காட்டுவான். அவள் முகம் கறுக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். என்னிடம் மட்டும் எகிறுவாள்.

இந்த சீசனுக்கு அந்த வீட்டிலேயே ஹோம்ஸ்டே போர்டு மாட்டிவிட்டான். முன்னறையில் புது மெத்தை வந்தது. இருளாயி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதையும் பொறுத்தாள். அடுத்துப் பூண்டில் கை வைத்தான்.

எங்கள் ஊரில் பறித்த பூண்டைக் கட்டுக் கட்டாகச் சட்டத்தில் தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டுவோம். அப்போதுதான் அழுகாது, அடுத்த நடவுக்கு விதையும் ஆகும். இருளாயிக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது அதுதான்.

"கெஸ்ட்டு வர்ற வீட்டுல என்னக்கா இப்புடி நாத்தம்? நாளைக்கு மத்தியானம் வர்றாங்க. எல்லாத்தையும் எறக்கி வெளிய போட்டுரு."

"வெளிய கெடந்தா மழையில அழுகிரும்லே. வெதைக்கு நான் எங்க போவேன்?"

"அது ஒன் சோலி. என் தகரத்துக்குக் கீழ பூண்டு தொங்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மறுநாள் வெள்ளனே என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஏணியும் ஸ்பேனரும் குடுங்க."

"எதுக்கு?"

"வெரசாக் குடுங்கண்ணே."

விஷயம் தெரிந்ததும் நானும் கூடவே போனேன். அப்படியொரு வேலையை விட்டுவிட முடியுமா? போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஒவ்வொரு தகரமாகக் கழற்றி, அந்த இடத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே போனோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசவு விட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டேன். மத்தியானத்துக்குள் தகரமெல்லாம் ரோட்டோரம் அடுக்கியாகிவிட்டது. பூண்டு தொங்கிய இடத்திலேயே தொங்கியது.

ஜீப் வந்தது. பையோடு இறங்கிய விருந்தாளிகள் தார்ப்பாயைப் பார்த்தார்கள். பையோடு திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" சண்முகராஜ் கத்தினான்.

"ஒன் தகரம் அங்கன இருக்கு. அள்ளிட்டுப் போ."

அவன் அவள் வாயைத் திட்டினான், மணியனைத் திட்டினான், என்னையும் திட்டினான். இருளாயி அசையவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் குரல் தானாக இறங்கியது.

"அக்கா, லாரி நாளைக்குத்தான் கெடைக்கும். ரோட்டுல கெடந்தா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். இன்னைக்கு ஒரு ராத்திரி உள்ள வச்சுக்கக்கா."

"உள்ள பூண்டு நாத்தம் அடிக்கும்லே" என்று சொல்லிவிட்டு இருளாயி கதவைச் சாத்தினாள்.